ஐஸ் இல்லாத பிளாஸ்க்

கெட்டுப்போன மருந்து என்று தெரிந்தே ஒரு தெருவின் கோழிகளுக்கெல்லாம் ஊசி போட்டேன். கோழிகள் செத்தபோது பழியை ஒரு பெண்ணின் தலையில் விழ விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதிலேயே என் வயதில் பாதி போய்விட்டது போலிருக்கிறது. அந்த மருந்தை எடுத்துப்போன நீல நிற பிளாஸ்க் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடியில் ஒரு விரிசல், அடித்தகட்டில் துரு, தோளில் மாட்டும் வார் இரண்டு முறை மாற்றியாயிற்று. உள்ளே இருக்கும் கண்ணாடி மட்டும் பழுதாகவில்லை. ஐஸ் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும். அன்றைக்கும் தாங்கியிருக்கும்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். விலங்கியலில் பட்டம் வாங்கி, பயிற்சி முடித்து வேலைக்கு வந்தேன். மருத்துவர் அல்ல. ஆனால் போன இடமெல்லாம் ஜனங்கள் என்னை ‘டாக்டரே’ என்றார்கள், நானும் ஒருநாளும் திருத்தவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்கள் சில என் பொறுப்பில் இருந்தன. கவரைப்பேட்டைக்குக் கிழக்கே இருந்த ஒரு தெருவைத்தான் சொல்ல வந்தேன். தெருவின் ஒரு முனையில் நெல் வயல். மறுமுனையில் இரும்பு உருக்கும் கம்பெனியின் மதில். ஒரு காலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பங்கள், அப்போது ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சங்கு ஊதினால் தெருவில் சைக்கிள் மணி கேட்கும். ஆனாலும் எந்த வீட்டிலும் கோழி வளர்ப்பதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி ஆட்கள் நாட்டுக்கோழி தேடி அந்தத் தெருவுக்குத்தான் வருவார்கள்.

மதிலை ஒட்டினாற்போல் இருந்தது கடைசி வீடு. அங்கே இருந்தவரைத் தெருவே ‘கடைசி வீட்டம்மா’ என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் கணவருக்கு உருக்காலையில் காண்டிராக்ட் வேலை. வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த நாட்களில் அடுப்பெரிய வைத்தவை அந்த அம்மாவின் கோழிகள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும், முட்டை வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கையால் வைத்தால் ஒரு முட்டைகூடக் கூமுட்டையாகாது என்று நம்பினார்கள். கூடையில் மணல் பரப்பி, இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க ஓர் அடுப்புக்கரியும் கம்பெனியிலிருந்து வந்த இரும்புத் துண்டும் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக வைப்பார். வைக்கும்போது பேசமாட்டார். வைத்து முடித்ததும் வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். நான் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். கைராசி என்பதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லாத சமாசாரம். ஆனால் வெற்றிலையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நிமிர்ந்த விதத்தில், ஊரில் வேறு எதுவும் இல்லாத ஒருவருக்குக் கிடைத்த ஒரு நாற்காலி தெரிந்தது.

அந்த வருடம் சித்திரையில், ஆந்திர எல்லைப் பக்கம் வெள்ளைக்கழிச்சல் பரவுவதாகத் தகவல் வந்தது. கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகிற நோய் அது. வந்துவிட்டால் மருந்து கிடையாது, வராமல் தடுக்க ஊசி உண்டு. அந்த ஊசி மருந்து சூடு தாங்காது. ஐஸோடு எடுத்துப் போக வேண்டும், ஐஸ் போய்விட்டால் மருந்தைக் கொட்டிவிட்டு மறுநாள் வேறு எடுத்து வர வேண்டும். பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. நான் திருவள்ளூரில் மருந்தை வாங்கி, பிளாஸ்கில் ஐஸ் நிரப்பி, பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் வந்தேன். கோழிகள் மேய்ச்சல் முடிந்து அடையும் நேரத்துக்கு வருகிறேன், பிடித்துக் கூடையில் கவிழ்த்து வையுங்கள் என்று தெருவுக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன்.

அதே நாளில் கவரைப்பேட்டையில் என் மனைவியின் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வழியில்தானே, தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். பந்தலில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பெரிய அண்டாவில் கரைத்து வைத்த ரோஸ்மில்க் வெதுவெதுவென்று கிடந்தது. மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

“மாப்ளே, உன் பிளாஸ்குல ஐஸு கீதுல்ல? தாய்மாமன் ஊட்டு சீரு தெருமுனைக்கு வந்துடுச்சி. இத்த இப்டியே குடுத்தா, சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.”

கேட்டது மச்சான், கொடுத்தது நான். மருந்துக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஐஸை நானே என் கையால் அண்டாவில் கவிழ்த்தேன். கோழி ஊசிக்கு வைத்த ஐஸ் என்று யாரிடமும் மூச்சு விடாதே என்று மச்சான் காதோடு சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நேரத்தில் மாப்பிள்ளை உதவினார் என்று நாலு பேர் காதுபடச் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கடைத்தெருவில் ஐஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சோடாக் கடையில் ஐஸ் பெட்டி காலி. மீன்காரப் பெண்கள் கடை கட்டிப் போயிருந்தார்கள். பிளாஸ்கின் அடியில் ஐஸ் கரைந்த தண்ணீர் கொஞ்சம் இருந்தது. குப்பியை அதிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தெரு முனையில் நின்று மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இல்லை. வெந்நீரும் இல்லை. குளத்துத் தண்ணீர் போல இருந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். மருந்து கெட்டுவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? முணுமுணுத்திருப்பார்கள். கோழியைப் பிடிக்க அவர்கள் பட்ட பாட்டை எனக்குக் கேட்கும்படி பேசியிருப்பார்கள். மறுநாள் திருவள்ளூரில் நான் விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வாசலுக்கு வாசல் கூடைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “டாக்டரு வந்துட்டாரு” என்று எழுந்து நின்றவர்களைப் பார்த்ததும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சமாவது வேலை செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு கோழியின் இறக்கையையும் விரித்து ஊசி போட்டேன். கடைசி வீட்டம்மா ஒரு கோழிக்குக்கூட வலிக்கக்கூடாது என்பது போல மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். “இனி ஒன்னியும் வராதில்ல டாக்டரே?” என்று கேட்டார். வராது என்றேன்.

ஆனி பிறப்பதற்குள் வந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கொண்டை கறுத்து, கழுத்து முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. தகவல் கிடைத்து நான் போனபோது, வயலோரத்தில் குழி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு மொத்தமும் என்னைச் சுற்றி நின்றது. யாரும் கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊசி போட்ட கோழி எப்படி டாக்டரே சாகும் என்று ஒரு பெரியவர் கேட்டார். இந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டியது என்று நாங்கள் படித்த கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டேன். வெளியிலிருந்து புதிதாக யாராவது கோழி வாங்கி வந்தீர்களா?

கடைசி வீட்டம்மா பின்னாலிருந்து முன்னால் வந்தார். ஒளிக்கத் தெரியாத மனுஷி. “நான்தான் டாக்டரே. போன வாரம் சந்தையில ஒரு செவலக் கோழி வாங்கியாந்தேன். அது நல்லாத்தான் கீது.”

நான் தலையை ஆட்டினேன். “அதான்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. செவலைக் கோழியிடமிருந்து நோய் வந்திருக்கவும் கூடும். காற்றில், லாரியில், காக்கையின் காலில் வந்திருக்கவும் கூடும். எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எப்படி வந்திருந்தாலும் நான் போட்ட மருந்து கெடாமல் இருந்திருந்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் ஓர்ப்படி, அதாவது அவர் கணவருடைய அண்ணன் மனைவி, அங்கேயே ஆரம்பித்துவிட்டார். “எவளோ சீக்குக் கோழின்னு தள்ளி உட்டத வாங்கியாந்து, என் ஊட்டுக் கோழி மொத்தத்தையும் தொடப்பத்தால பெருக்குன மாதிரி தள்ளிட்டியேடி. கைராசியாம் கைராசி.” அவருடைய ஆறேழு கோழிகளும் குழியில்தான் கிடந்தன. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று சாயங்காலமே அந்த அம்மா, ஒரு குறையும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்த அந்தச் செவலைக் கோழியைப் பிடித்துத் தன் கையாலேயே கழுத்தைத் திருகிப் புதைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா.

அவர் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு வெடைக்கோழி. குஞ்சுப் பருவம் போய் இன்னும் முட்டைக்கு வராத வயது. கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் நெல் உமி தூவினாற்போலப் பொட்டுப் பொட்டாக வெளிறிய இறகு. நோய் அதைக் கொல்லவில்லை, காலில் பிடித்துக்கொண்டது. முதலில் நொண்டியது. பிறகு ஒரு கால் முன்னால் நீண்டு, மற்றது பின்னால் மடங்கி, இறக்கையைத் தரையில் ஊன்றி நகர்ந்தது. அதை ஒரு ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, என் மருந்தகத்துக்கு நடந்தே வந்தார். மாடுகளோடு வந்தவர்கள் வரிசையில் நின்றார். ஒரு கோழிக்காகவா இவ்வளவு தூரம் என்று யாரோ கேட்டபோது துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினார். முறை வந்ததும் கூடையை என் மேசைமேல் வைத்து, “இது நடக்குமா டாக்டரே?” என்றார்.

நரம்பில் பட்ட நோய். ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். நான் பார்க்கலாம் என்றேன். வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்தேன். காலை நீவி விடச் சொன்னேன், கீழே விழாமல் தாங்கலாக வைக்கச் சொன்னேன். எதையாவது செய்யச் சொல்லி அனுப்பினால் என் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேனோ என்னவோ.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, கால் இரண்டும் கீழே தொங்கும்படி ஓட்டை போட்டு, முருங்கைக் கிளையில் தூளி கட்டியிருந்தார். கோழி அதில் உட்கார்ந்திருந்தது. விரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. காற்றில் தூளி ஆடும்போது, அந்த விரல்கள் மண்ணில் கோடு கிழித்தன. கம்பெனிப் புகைபோக்கியிலிருந்து வரும் கரி எல்லா இலைகளிலும் படிவது போலவே அதன் முதுகிலும் படியும். ஈரத் துணியால் துடைத்து விடுவார். கேழ்வரகுக் கூழை உருட்டி அலகைத் திறந்து ஊட்டுவார். விளக்கெண்ணெயைச் சூடு செய்து, உள்ளங்கையில் தேய்த்து, ஈர்க்குச்சி போன்ற அந்தக் காலை மேலிருந்து கீழாக நீவுவார். ஷிப்டு முடிந்து வந்த அவர் கணவர் கைகளில் பொறி பட்ட தழும்புகளோடு வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். “பாரு டாக்டரே, நெருப்பாண்ட நின்னுட்டு வரேன், எனக்கு ஒரு நாளு கால புடிச்சி உட்டதில்ல. அடுத்த ஜென்மத்துல நொண்டிக் கோழியாப் பொறக்கணும்.” அந்த அம்மா நிமிராமலே, “இந்த ஜென்மத்துலயே பாதி அப்டித்தான் கீற, கம்னு குந்து” என்றார். மூவரும் சிரித்தோம். நான் சிரித்தது எனக்கே கேட்டது.

அவர் எதற்காக இவ்வளவு செய்கிறார் என்று எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. தெருவில் யாரும் அவரோடு பேசவில்லை. குழாயடிக்குப் போனால் குடங்கள் நகரும். மேற்கு வீட்டில் தப்பிப் பிழைத்த ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தபோது, முட்டை வைக்க ஓர்ப்படியைக் கூப்பிட்டார்கள். அந்தச் சேதியை அவரே என்னிடம் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. “என்னாலதானே டாக்டரே எல்லாம் பூட்ச்சி. இந்த ஒன்னு எழுந்து நடந்துட்டா போதும். இது முட்ட வெச்சி, குஞ்சு பொரிச்சி, ஊட்டுக்கு ஒரு குஞ்சு குடுத்துடுவேன்.” நான் செய்த பாவத்துக்கு அவர் பரிகாரம் செய்துகொண்டிருந்தார். அதை நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நீவி விடும்போது விரல்களைப் பிரித்துப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஒருநாள் காலையில் அது நின்றது. தூளியிலிருந்து இறக்கி விட்டதும், இரண்டு காலையும் அகட்டி வைத்து, குடித்தவன் போல ஆடிக்கொண்டு நின்றது. நானும் இருந்தேன். ஓர் அடி வைத்தது. இன்னொன்று வைத்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர்ப்படிகூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். படித்ததெல்லாம் பொய்யாகிவிடட்டும் என்று நான் அந்த நிமிடம் மனதார வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை.

சில நாட்களில் கழுத்து திரும்ப ஆரம்பித்தது. தலை பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு வானத்தைப் பார்த்து முறுக்கிக்கொண்டது. கால் கொஞ்சம் தேறியிருந்தது, ஆனால் கொத்த முடியவில்லை. எதிரில் அரிசி நொய் போட்டால், அதற்கு ஒரு விரற்கடை தள்ளி வெறும் மண்ணைக் கொத்தும். மறுபடி குறி பார்க்கும். மறுபடி மண். பசியில் வேக வேகமாகக் கொத்தும், ஒரு மணியும் அலகில் சிக்காது. அந்த அம்மா இரண்டு விரலால் அதன் தலையைப் பிடித்து நொய்யின் மேல் கொண்டுபோய் வைப்பார். “இங்க கீதுடி. இங்க. இங்க பாரு.” அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் அந்தத் தெருவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் அது தூளியிலேயே செத்துக் கிடந்ததாகச் சொல்லியனுப்பினார்.

அரசுப் பண்ணையிலிருந்து நல்ல குஞ்சுகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். உண்மையைச் சொல்லாமல் கணக்கை நேர் செய்துவிடலாம் என்ற எண்ணம். அவர் அட்டைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், குஞ்சுகளின் சத்தத்துக்கு முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். “வேணாம் டாக்டரே. என் கை சரியில்ல. நல்லா இருந்த கோழிய இந்தக் கையாலதான் திருகினேன்.” முருங்கைக் கிளையில் தூளி இன்னும் அவிழ்க்கப்படாமல் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போனேன். பிறகு ஓய்வு பெற்றேன்.

கொரோனாத் தடுப்பூசிக்காகத் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்றிருந்த நாளில்தான் இதெல்லாம் என் மேல் திரும்ப வந்து விழுந்தது. எனக்கு முன்னால் சிலர்தான் பாக்கி. ஊசி போட்ட நர்ஸ் சின்னப் பெண். ஐஸ் பெட்டியைத் திறந்தவள் உள்ளே தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பெட்டியை மூடிவிட்டு, ஐஸ் போய்விட்டது, இந்த மருந்தைப் போட முடியாது, நாளைக்கு வாருங்கள் என்றாள். வெயிலில் காலையிலிருந்து நின்றவர்கள் விட்டார்களா? ஒருவர் அவள் வேலைக்கு உலை வைப்பேன் என்றார். இன்னொருவர் சொன்னதை எழுத முடியாது. அவள் கண் கலங்கியது, ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. என் பின்னால் நின்றவர், “நீங்களாவது சொல்லுங்க சார், படிச்சவரா தெரியறீங்க” என்று என்னை முன்னால் தள்ளினார். நான் வரிசையை விட்டு விலகி, மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

அந்த வாரமே கவரைப்பேட்டைக்குப் போனேன். மதில் இன்னும் உயர்ந்திருந்தது. வயல் இருந்த பக்கத்தில் கிடங்குகள். கடைசி வீடு மட்டும் ஓடுகளை மாற்றித் தகரம் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது. அந்த அம்மாவுக்கு முன்தலை நரைத்துவிட்டது. கணவர் ஏதோ ஒரு கிடங்கில் செக்யூரிட்டி, வீட்டில் இல்லை. என்னைப் பார்த்ததும், “டாக்டரே, இன்னா இப்டி இளைச்சிப் பூட்டீங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்று பயந்து நின்றபடியே சொன்னேன். மஞ்சள் நீராட்டு, ரோஸ்மில்க், பிளாஸ்க், விரலை விட்டுப் பார்த்தது, ‘அதான்’ என்றது, எல்லாவற்றையும்.

சொல்லி முடித்ததும் அவர் முருங்கை மரத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். “அப்போ அந்த செவலக் கோழி மேல ஒரு தப்பும் இல்லியா?”

அது நோயைக் கொண்டு வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் ஊசி சரியாக இருந்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது என்றேன்.

“இப்ப தெரியாதுன்றீங்க. அன்னிக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி ‘அதான்’னீங்களே டாக்டரே.”

நான் டாக்டர் இல்லை என்றேன். ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். “குழாயாண்ட வாங்க. எல்லாரும் கீறாங்க. என் ஓர்ப்படியும் கீது. என்னாண்ட சொன்னத அவங்களாண்ட சொல்லுங்க.”

போனேன். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். பாதிப் பேர் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓர்ப்படி கிழவியாகிவிட்டிருந்தார், திட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஓர்ப்படி வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கனிவு இருந்தது.

“எவ்ளோ தங்கமான மனுசன் பாருடி இவரு. இத்தினி வருசம் கழிச்சி, இவ மேல கீற பழி போவணும்னு, செய்யாதத செஞ்சேன்னு தலைமேல போட்டுக்கினு வந்து நிக்கிறாரு. படிச்சவங்க படிச்சவங்கதான்.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். இல்லையம்மா, நிஜமாகவே நான்தான் என்றேன். நல்ல மனசு சார் உங்களுக்கு என்றாள் ஒருத்தி. சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய என் நல்ல மனசு அவர்கள் கண்ணில் பெரிதாகிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னதற்காக அடி வாங்கத் தயாராகப் போனவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கடைசி வீட்டம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, எடுக்காமல் நின்றார். நான் கெடுத்ததை என்னாலேயே சரிசெய்ய முடியவில்லை. டாக்டர் என்று அவர்கள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கைதான் அன்று அவரைக் குற்றவாளியாக்கியது, அதே நம்பிக்கைதான் இன்றும் அவரை விடவில்லை.

திரும்பி நடக்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அவங்க நம்பாட்டி போறாங்க. நான் நம்பறேன்.” மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள், தெரிந்த வீட்டிலிருந்து அடைக்கு வந்த கோழி ஒன்றையும் முட்டைகளையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் போடட்டுமா பெரியவரே என்று கேலி செய்தார். இந்த முறை அந்த அம்மா கூடையைத் திருப்பித் தள்ளவில்லை. மணல் சலித்தார். கரியும் இரும்புத் துண்டும் தேடி எடுத்து வந்தார். முட்டை வைக்கும்போது முன்பு போலவே பேசவில்லை. வெற்றிலை பாக்கு நான் வாங்கி வந்திருந்தேன். நீட்டினேன். வாங்கிக் கூரை இடுக்கில் செருகி வைத்தார், இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை. பாதிக்குமேல் பொரித்தன. தெருவில் இன்றுவரை வேறு எந்த வீட்டுக்காரரும் அவரை அடை வைக்கக் கூப்பிடவில்லை.

போன மாதம் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போடப் போயிருந்தேன். மருந்துக் கடையில் வாங்கி, அதே நீல பிளாஸ்கில் ஐஸ் நிரப்பி எடுத்துப் போனேன். வழியில் எங்கும் இறங்கவில்லை. குஞ்சுகளில் கொஞ்சம் வளர்ந்த ஒன்று நொண்டிக்கொண்டிருந்தது. இடது காலைத் தரையில் வைக்காமல் தூக்கித் தூக்கி வைத்தது. எடுத்துப் பாதத்தைப் பார்த்தேன், முள் இல்லை, வீக்கம் இல்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முருங்கைக் கிளையில் புதிதாக ஒரு துணி கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கால் தொங்க ஓட்டை போட்டிருந்தது.

“இது நடக்குமா?” என்றார்.

தெரியலம்மா என்றேன்.

அவர் தலையசைத்தார். அந்தப் பதிலோடு சண்டை போடவில்லை. குஞ்சை என்னிடமிருந்து வாங்கித் தூளியில் உட்கார வைத்தார். பிறகு மற்ற குஞ்சுகளுக்கு மருந்து போட நான் குப்பியை எடுக்கக் கை நீட்டியபோது, பிளாஸ்கை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூடியைத் திருகித் திறந்து, உள்ளே விரலை விட்டார். எடுக்கவில்லை. ஐஸ் துண்டுகள் கண்ணாடியில் மோதுகிற சத்தம் கேட்டது. விரல் சிவக்கும் வரை வைத்திருந்துவிட்டு எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“இப்ப போடுங்க” என்றார்.